இரவில் வீட்டுக்குள் யாரோ நுழைந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் எழுந்து போய்ப் பார்க்கலாமா?

வேலை மாற்றலாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் குடும்பத்தோடு வரவிருக்கும் நண்பர், நள்ளிரவில் சத்தம் கேட்டால் கையில் கட்டையோடு போய்ப் பார்ப்பதா, அறைக்குள்ளேயே இருப்பதா என்று கேட்டிருக்கிறார். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவன் என்ற முறையில் என் பதில்: போய்ப் பார்க்காதீர்கள். நம் ஊரில் “திருடன்” என்று ஒரு குரல் கொடுத்தால் தெருவே திரண்டு வரும், வந்தவனும் ஓட்டம் பிடிப்பான் என்ற நம்பிக்கை நமக்குண்டு. இங்கே உள்ளே வந்திருப்பவர்கள் ஒருவருக்கு மேல் இருக்கலாம், அவர்களிடம் துப்பாக்கியும் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் எதையும் முடிவு செய்ய வேண்டும்.

கண் விழித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, வீட்டில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று உறுதி செய்துகொள்வது. பக்கத்தில் படுத்திருந்தவர் படுக்கையில் இருக்கிறாரா, கல்லூரிக்குப் போகும் பையன் வீடு திரும்பிவிட்டானா என்பது தெரியாமல் எதிலும் இறங்கக் கூடாது. 2013 பிப்ரவரி 14 அதிகாலையில் பிரிட்டோரியாவில் ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ், பூட்டியிருந்த கழிப்பறைக் கதவின் வழியாக நான்கு முறை சுட்டார். உள்ளே இருந்து இறந்தவர் அவருடைய காதலி ரீவா ஸ்டீன்கேம்ப். வெளியாள் யாரோ புகுந்துவிட்டதாக நினைத்தேன் என்பது அவருடைய வாதம். ஆனால் கதவுக்குப் பின்னால் இருப்பவர் யாராயினும் உயிர் போகக்கூடும் என்பதை உணர்ந்தே அவர் சுட்டார் என்று கூறி, உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015 டிசம்பரில் அதைக் கொலை என்றே தீர்ப்பளித்தது. உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்களும் இதை மறக்கக் கூடாது. தற்காப்பு என்பது நடந்துகொண்டிருக்கும் அல்லது உடனே நிகழவிருக்கும் தாக்குதலைத் தடுப்பதற்குத்தான். தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுவரேறி ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று சொன்னால் அது நிற்காது.

அடுத்தது, உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே பூட்டிய கதவு ஒன்று இருக்க வேண்டும். இங்கே பல வீடுகளில் படுக்கையறைகளுக்குப் போகும் நடையில் இரும்புக் கம்பிக் கதவு போட்டிருப்பார்கள். வாடகைக்கு வீடு பார்க்கும்போதே அது இருக்கிறதா என்று கவனியுங்கள், இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் கேட்டுப் போடச் சொல்லுங்கள். தூங்கப் போகுமுன் அதைப் பூட்டிவிட்டு, சாவியை இருட்டிலும் கைக்கு எட்டும்படி, ஆனால் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டாதபடி ஆணியில் மாட்டிவையுங்கள். ஜன்னல்களிலும் கம்பி இருப்பதால் தீப்பிடித்தால் வெளியேற வழி அந்தக் கதவுதான். ஆகையால் சாவி இருக்கும் இடம் குழந்தைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு தொலைபேசி. காவல்துறையின் அவசர எண் 10111, கைப்பேசியிலிருந்து 112. தனியார் ஆயுதக் காவல் நிறுவனத்தில் சந்தா கட்டியிருந்தால் முதலில் அபாயப் பொத்தானை அழுத்துங்கள், பெரும்பாலும் அவர்கள்தான் முன்னே வந்து நிற்பார்கள். பேசும்போது முகவரியை முதலில் சொல்லுங்கள், கதையைப் பிறகு சொல்லலாம். எங்கள் பக்கத்தில் பல வீடுகள் ஒட்டுச்சுவர் வீடுகள் என்பதால், சுவரில் தட்டினால் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குக் கேட்டுவிடும்; எத்தனை தட்டு தட்டினால் ஆபத்து என்று அவரோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

அறைக்குள் விளக்கைப் போடாதீர்கள். வெளிவிளக்கின் ஸ்விட்ச் அறைக்குள் இருந்தால் அதைப் போடலாம், வெளியே இருப்பவர் உங்களுக்குத் தெரிவார், நீங்கள் அவருக்குத் தெரிய மாட்டீர்கள். போலீஸ் வந்துகொண்டிருக்கிறது என்று உரக்கச் சொல்வதிலும் தவறில்லை, ஆனால் அவர்கள் ஓடும் வழியை மறித்து நிற்கக் கூடாது. நேருக்கு நேர் சிக்கிக்கொண்டால் கைகள் தெரியும்படி வைத்து, சட்டென்று அசையாமல், கேட்டதைக் கொடுத்துவிடுங்கள். தாலிக்கொடியாக இருந்தாலும் சரி.

அலாரம் அடிக்கும்போதெல்லாம் ஆள் வந்திருப்பதாக அர்த்தமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டர்பனின் வெப்பத்துக்கு வீட்டுக்கு வீடு பல்லி உண்டு. அலாரத்தின் அசைவறியும் சென்சார் முகத்தில் ஒன்று ஊர்ந்தால் போதும், வீடே அலறும். பல்லி சொல்லுக்குப் பலன் பார்த்த நமக்கு இது புதுப் பலன்! ஆனால் பல்லிதானே என்று அலாரத்தை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு நடந்து போகாதீர்கள்; காவல் நிறுவனத்தார் வெளியே சுற்றிப் பார்த்துவிட்டு அழைக்கும்வரை உள்ளேயே இருங்கள். அவர்களும் ஆயுதத்தோடு இருட்டில் நிற்கிறார்கள், உங்கள் முகம் அவர்களுக்குத் தெரியாது. கதவைத் திறக்கும்போது கையில் கட்டையோ கத்தியோ இருக்கக் கூடாது.

உண்மையிலேயே யாராவது புகுந்திருந்தால், கைரேகை எடுத்து முடியும்வரை கலைந்து கிடப்பதை அடுக்கி வைக்க வேண்டாம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து வழக்கு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்; காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.