சீன் பேப்பரில் அழுதவள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் வருடக்கணக்காகத் திரும்பத் திரும்பப் பார்க்கும் தொலைக்காட்சித் தொடர் ஒன்று உண்டு. அதில் அண்ணன் வீட்டை விட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று தம்பியை ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். அது வெறுப்பு என்றே நினைத்திருந்தேன். சமீபத்தில் அந்த அத்தியாயத்தின் திரைக்கதை இணையத்தில் கிடைத்தது. அந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் ‘குற்றவுணர்ச்சியுடன்’ என்று இருக்கிறது. நண்பர்கள் இதோடு விவாதம் முடிந்தது என்கிறார்கள். இத்தனை நாள் தவறாகப் பார்த்துவிட்டேனா? திரைக்கதை எழுதப் பழக எந்தத் தொடரிலிருந்து தொடங்கலாம்? தொடர்களை இலக்கியத்தில் சேர்க்கலாமா?

ம.

அன்புள்ள ம.,

கடைசி இரண்டு கேள்விகளை விட்டுவிடுகிறேன். கைக்குக் கிடைத்த பிரதியிலிருந்து தொடங்குங்கள். இலக்கியமா இல்லையா என்ற சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. முதல் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. போன வாரம் பழைய காகிதங்களை ஒழிக்கும்போது, நான் சீரியலுக்கு வசனம் எழுதிய காலத்து சீன் பேப்பர் ஒன்று, அதாவது ஒரு காட்சியின் வசனமும் நடிப்புக் குறிப்பும் எழுதிய தாள், அகப்பட்டது. அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன் உங்கள்மேல் எனக்கு ஒரு கோபம். ஒரு முகத்தை இத்தனை வருடம் பார்த்திருக்கிறீர்கள். ஒரே ஒரு சொல்லைப் படித்ததும் பார்த்ததையெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட்டீர்களே! அந்தச் சொல் உங்களுக்காக எழுதப்பட்டது இல்லை. நடிகருக்கும் இயக்குநருக்கும் எழுதியது. அந்தப் பார்வை இன்னும் பிறக்காதபோது எழுதியது. ஹாலிவுட்டில் திருத்தங்கள் வர வர, பக்கங்களை நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று நிறம் மாற்றி அச்சிடுவார்கள். உங்களுக்குக் கிடைத்தது எந்தத் திருத்தம்? அதற்கு அடுத்த தாளில் அந்தச் சொல் அடிபட்டிருந்தால்?

1966-இல் வந்த ‘ஸ்டார் டிரெக்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் அத்தியாயம் ஒன்றில், விண்கலத்தின் கேப்டனுடைய தீய நகலை அவருக்குக் கீழே இருக்கும் அதிகாரி ஸ்பாக் துப்பாக்கிக் கட்டையால் அடித்து வீழ்த்த வேண்டும். தாளில் அப்படித்தான் இருந்தது. ஸ்பாக்காக நடித்த லியனார்ட் நிமோய்க்கு அது ஒப்பவில்லை. இந்த மனிதன் அப்படி முரட்டுத்தனமாக அடிக்கமாட்டான் என்று பட்டது. கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் விரல்களால் அழுத்துவதாக வைத்துக்கொள்ளலாம் என்றார். கேப்டனாக நடித்த வில்லியம் ஷாட்னர் அதற்கேற்பத் துவண்டு விழுந்தார். பிறகு அந்த விரல்களே ஸ்பாக்கின் அடையாளமாகிவிட்டன. தாளை வைத்து ஸ்பாக்கை எடைபோட்டவருக்கு வேறு ஒரு ஆள்தான் கிடைத்திருப்பான்.

என் சீன் பேப்பருக்கு வருகிறேன். மகன் தன்னிடம் சொல்லாமலே வீட்டை விற்றுவிட்டான் என்று தாய்க்குத் தெரியவரும் காட்சி. நான் ‘(உடைந்து அழுகிறாள்)’ என்று எழுதியிருந்தேன். வயதான நடிகை. தாளைப் படித்துவிட்டு என்னிடமே பேனா கேட்டு வாங்கி அந்த அடைப்புக்குறியை அடித்தார். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஷாட்டில் அவர் கொடியிலிருந்து துணிகளை எடுத்து மடித்துக்கொண்டே இருந்தார். மகனுடைய சட்டை வந்தது. அதை மட்டும் மடிக்காமல் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த துணிக்குக் கை நீட்டினார். ஒரே டேக். கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்த யாருமே உடனே பேசவில்லை.

அன்று மாலையும் எனக்குக் கோபம் தணியவில்லை. என் வசனத்தைக் கெடுத்துவிட்டார் என்று இயக்குநரிடம் புலம்பினேன். ஒளிபரப்பில் பார்த்தபோதுதான், நான் எழுதிய அம்மாவைவிட அவர் எவ்வளவு பெரிய மனுஷி என்று தெரிந்தது. அவரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை.

போன வாரம் அகப்பட்டது அவர் அடித்த தாள் இல்லை, என்னிடம் தங்கிவிட்ட நகல். அதில் அந்தத் தாய் இன்னமும் உடைந்து அழுகிறாள். நாளைக்கு யாராவது அதை எடுத்து வைத்துக்கொண்டு ‘எழுதியவரே சொல்லிவிட்டார், அவள் பலவீனமானவள்’ என்று வாதாடினால் நான் எங்கே போய்ச் சொல்வது? அந்தச் சட்டையை எந்தத் தாளிலும் காட்ட முடியாது.

திரைக்கதைகளைப் படிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. நிறையப் படியுங்கள். எழுதினவன் எங்கே தடுமாறினான், நடித்தவர் எங்கே அவனை மீறிப் போனார் என்பது தெரிவது பெரிய சந்தோஷம். ஆனால் அதைத் தீர்ப்பாக எடுத்து வந்து நண்பர்கள் உங்கள் வாயை அடைக்க இடம் கொடுக்காதீர்கள். ஒருவேளை உங்கள் அண்ணன் முகத்தில் வெறுப்பும் குற்றவுணர்ச்சியும் சேர்ந்தே இருக்கலாம். நான் அந்தக் காட்சியைப் பார்த்ததில்லை. நீங்கள்தான் பார்த்தவர்.

இன்று இரவு சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு அந்த இடத்தை மறுபடி பாருங்கள். திரும்பும்போது அவன் கை கதவில் இருக்கிறதா, விட்டுவிட்டதா? எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்.