பெல்ட் அறுந்தால் கார் ஏசி கம்ப்ரஸரையும் மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கம்ப்ரஸர் என்பது ஏசி வாயுவை அழுத்தி ஓடவிடும் பம்ப். எஞ்சினின் சுழற்சியை அதற்குக் கொண்டுபோவது ரப்பர் பெல்ட்.

ஆனால் பெல்ட் ஏன் அறுந்தது என்று பார்க்காமல் புதியதை மாட்டாதீர்கள். கிணற்று ராட்டினம் இறுகிப்போனால் புதுக் கயிறும் தேய்ந்து அறுந்துவிடும் இல்லையா, அதே கதைதான். எஞ்சினை அணைத்து, சூடு ஆறியதும், கம்ப்ரஸர் புல்லியை, அதாவது பெல்ட் மாட்டும் சக்கரத்தை, கையால் சுற்றுங்கள். கரகரத்தால் அது தடையில்லாமல் சுழல உதவும் பேரிங் போயிருக்கிறது; அதை மட்டும் மாற்ற முடியும். அப்புறம் புல்லிக்கு முன்னாலுள்ள கிளட்ச் தட்டையும் சுற்றிப் பாருங்கள்; கம்ப்ரஸரின் உள்பாகம் இதோடு சேர்ந்துதான் சுற்றும். அது லேசான இறுக்கத்தோடு சுற்றினால் சரி. அசையவே இல்லையென்றால் கம்ப்ரஸர் உள்ளே இறுகிவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

பெல்ட் அறுந்தால் ஏசி கேஸ் வெளியேறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது மூடிய குழாய்க்குள் இருப்பதால் பெல்ட்டுக்காக கேஸ் நிரப்பத் தேவையில்லை.