மதுரையில் இருந்துகொண்டே பழைய ஆவணங்களை வைத்து பி.எச்டி. பண்ண முடியுமா?

முடியும். தமிழ் எம்.ஏ. படித்தவர் எழுத்து, மேடைப்பேச்சு இவற்றின் வரலாற்றை ஆவணக் காப்பகத்தில் தேடி ஆராயலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "சங்க இலக்கியத்துல ஏதாவது எடு, சீக்கிரம் முடிச்சிரலாம்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள்.

என் தலைப்பு மனு. அப்பா மதுரை கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதியவர். திங்கட்கிழமை குறைதீர் நாளில் வருகிறவர்கள் அழுது சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்பார். எழுதும்போது கிராமம், புல எண், கோரிக்கை மூன்றையும் முதல் பாராவிலேயே வைத்துவிடுவார். "அதுக்கு மேல அதிகாரி படிக்க மாட்டாருப்பா" என்பார். சீட்டுக்கவி, அதாவது உதவி கேட்டுப் பாட்டாகவே எழுதும் கடிதம், பாடிய புலவர் தன் பெருமையைச் சொல்லி வள்ளலிடம் கேட்டார். ம.ரா.ரா.ஸ்ரீ (மகாராஜராஜஸ்ரீ) என்ற மரியாதை அடைமொழியோடு தொடங்கும் பழைய மனுவில் கேட்பவர் தன்னைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார். இதையெல்லாம் தமிழ்த் துறை படிக்காமல் வேறு யார் படிப்பது? வாய்மொழித் தேர்வில் ஒருவர், "மனு எழுதுறதெல்லாம் ஆராய்ச்சியா?" என்றார். சங்க இலக்கியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, உடனே சண்டைக்கு வராதீர்கள். அப்பா எழுதியதற்கும் ஒரு மரபு உண்டு என்கிறேன், அவ்வளவுதான்.

சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகும் முன், அரசு அலுவலகம் கோப்பை எப்படி முடிக்கும் என்று கற்றுக்கொள்ளுங்கள். எல்.டிஸ். என்று குறியிட்டு முடித்தால் ஒரு வருடம்தான் வைத்திருப்பார்கள், டி.டிஸ். என்றால் 10 வருடம், ஆர்.டிஸ். நிரந்தரம். சாதாரண ஆட்களின் மனு பெரும்பாலும் கழிவில் போய்விடும். அரசாணை (ஜி.ஓ.) வரை ஏறிய மனுதான் காப்பகத்தின் ஆவணக் கட்டுக்குள் கிடைக்கும். அதனால் "அந்தக் காலத்தில் மக்கள் இப்படித்தான் எழுதினார்கள்" என்று ஒரேயடியாக எழுதிவிடாதீர்கள். துறைவாரி, ஆண்டுவாரி அட்டவணையைப் பார்த்து ஜி.ஓ. எண், தேதி, துறை மூன்றையும் குறித்துக் கொடுத்தால்தான் கட்டு வெளியே வரும். வழிகாட்டியின் கடிதத்தையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

மேடைப்பேச்சு என்றால் 1901இல் பாண்டித்துரைத் தேவர் தொடங்கிய மதுரைத் தமிழ்ச் சங்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம். ஆனால் மதுரை வரலாறு முழுக்க மதுரையிலேயே இருக்காது. 1834இல் இங்கு வந்த அமெரிக்க கிறிஸ்தவ மிஷனை அனுப்பிய தலைமைச் சங்கத்தின் ஆவணங்கள் அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹாட்டன் நூலகத்தில் இருக்கின்றன.

அப்புறம், கேட்காத ஒன்று. பணம் கட்டினால் கட்டுரையை ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக எண் போட்ட தொகுப்பில் சேர்க்கும் கருத்தரங்குகளுக்கு உதவித்தொகையைக் கொடுக்காதீர்கள். படித்துக்கூடப் பார்க்காமல் அச்சடிக்கிறார்கள், பையன்களும் பெண்களும் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள், கேட்பதற்கு ஆளில்லை. அந்தப் பணத்தில் சென்னையில் ஒரு மாதம் தங்கி அட்டவணைகளைப் புரட்டலாம்.