பார்வை போன அப்பா கூத்துக்காரரைப் பார்க்கிறார்

கேள்வி: எங்கள் ஊர் மட்டக்களப்புப் பக்கம் களுதாவளை. அப்பாவுக்கு 71 வயது, வெற்றிலைத் தோட்டம் செய்தவர். குளுக்கோமாவால் பார்வை குறைந்துகொண்டே வந்து, போன வருடத்திலிருந்து வெளிச்சமும் நிழலும்தான் தெரிகிறது. இரண்டு மாதமாகப் பொழுதுபட்டால், "புள்ள, வாசல்ல கூத்துக்காரனுகள் நிக்கிறானுகள், முடியெல்லாம் மினுங்குது, ஒண்டும் கதைக்கிறானுகள் இல்ல" என்கிறார். கொஞ்ச நேரத்தில் "அது பொய்தான்" என்று அவரே சிரிக்கிறார். கணக்குவழக்கு எல்லாம் தெளிவு. பூசாரியார் நூல் கட்டினார், நிற்கவில்லை. அப்பாவுக்கு மூளை கலங்கிவிட்டதா? கண் போனால் காது கூர்மையாகும் என்கிறார்களே, அப்படி ஒன்றையும் காணோமே?

பதில்: "ஒண்டும் கதைக்கிறானுகள் இல்ல." உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியது இந்த வரிதான். உருவம் மட்டும் வருகிறது, சத்தம் இல்லை. பொய் என்று அவருக்கே தெரிகிறது. புத்தி தெளிவாக இருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் அது சார்ள்ஸ் பொனே நோய்க்குறி. பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை.

1760இல் சுவிற்சர்லாந்து அறிஞர் சார்ள்ஸ் பொனே தன் பாட்டனாரைப் பற்றி எழுதிவைத்தார். கண்புரையால் பார்வை மங்கிய அந்தக் கிழவருக்கு ஆண்களும் பெண்களும் பறவைகளும் வண்டிகளும் தெரிந்தன. புத்தியில் ஒரு பிசகும் இல்லை. கிரீடம், தலைப்பாகை, பகட்டான உடுப்போடு ஆட்கள் தெரிவதாக உலகெங்கும் நோயாளிகள் சொல்கிறார்கள். உங்கள் அப்பா அந்த உடுப்பைக் கண்டு கூத்துக்காரர் என்று பெயர் வைத்தது நியாயம்தானே. மட்டக்களப்பில் வேறு யார் அப்படி உடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள்?

ஏன் வருகிறது? பார்ப்பது கண் மட்டுமல்ல, பின்மண்டையில் உள்ள மூளைப் பகுதியும்தான். கண்ணிலிருந்து சேதி வருவது குறைந்தால் அந்தப் பகுதி சும்மா கிடப்பதில்லை, தானாகவே துடிக்கத் தொடங்குகிறது. ஆட்டம் முடிந்து சனம் கலைந்த களரியில் மத்தளம் மட்டும் அடித்துக்கொண்டிருப்பது போல. முகங்களைக் கையாளும் இடம் துடித்தால் முகம், நிறத்தைக் கையாளும் இடம் துடித்தால் நிறம். மூளையைப் படமெடுத்தே இதைக் காட்டியிருக்கிறார்கள். கண் பழுதில்லாத 13 பேரின் கண்ணை ஐந்து நாள் கட்டிவைத்துப் பார்த்த ஓர் ஆய்வில் 10 பேருக்கு இல்லாத காட்சிகள் தெரிந்தன. ஐந்தே நாளில்!

பொழுதுபடும் நேரத்தில், மங்கல் வெளிச்சத்தில், சும்மா இருக்கும்போது இது கூடும். அப்போது லைற்றைப் போடுங்கள், ஏற்கெனவே லைற் எரிகிறதென்றால் அணையுங்கள். தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் இடமும் வலமுமாகச் சில தடவை ஓட்டச் சொல்லுங்கள். எழும்பிக் கிணற்றடி வரை நடந்தாலும் பலருக்கு மறையும். நாளாக நாளாகக் குறைவது உண்டு, ஆண்டுக்கணக்கில் தொடர்வதும் உண்டு. பெரிய மருந்து, இது இன்னதென்று அவருக்குச் சொல்வது. "எனக்கு விசராக்கும்" என்று பயந்து வாயே திறக்காத முதியவர்கள் நிறையப் பேர். பயிற்சிக் காலத்தில் நானே ஒரு மூதாட்டியை 'வயதுத் தடுமாற்றம்' என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். இன்றைக்கும் அது உறுத்தும்.

ஆனால் உருவங்கள் பேசத் தொடங்கினால், அவர் அதை மெய்யென்று நம்பினால், காய்ச்சலோடு தடுமாறினால், ஞாபகம் மங்கினால், கைகால் நடுங்கினால் இந்த விளக்கத்தை நம்பிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். கண்ணில் விடும் சில துளிமருந்துகளாலும் இப்படிக் காட்சி வரலாம்.

இனி காது. கண் போன மறுநாளே காது கூர்மையாகும் என்பது வெறும் பேச்சு. மூளை இடம் மாற்றிக் கொடுப்பது உண்மை. 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிறு வயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெயில் என்ற புடைத்த புள்ளி எழுத்தை விரலால் தடவி வாசித்தபோது அந்தப் பின்மண்டைப் பகுதி வேலை செய்தது தெரிந்தது. இன்னொரு சம்பவம் அதைவிட வியப்பு. பிறவியிலேயே பார்வையில்லாத, பிரெயிலில் தேர்ந்த ஒரு பெண்ணுக்குப் பின்மூளையின் இரு பக்கமும் பக்கவாதம் வந்தது. விரலில் உணர்ச்சி இருந்தது, புள்ளிகளும் தட்டுப்பட்டன, வாசிக்க மட்டும் முடியாமல் போனது. அவருக்குப் 'பார்க்கும்' பகுதிதான் வாசித்துக் கொடுத்திருக்கிறது.

ஆனால் அதெல்லாம் பல வருடம் விரலைப் பழக்கியதன் பலன். 70 வயதில் அந்த அளவு மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது. பழக்கினால் காதையும் கையையும் கூர்ந்து பயன்படுத்தக் கற்பார், அது நிச்சயம். உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று ஊகிக்கிறேன்: சோற்றைப் பிசைந்து கொடுக்கிறீர்கள், கதிரையை விட்டு எழும்ப விடுவதில்லை, நாள் முழுக்க ரேடியோ. பாசம்தான். ஆனால் கைக்கு வேலை இல்லை, காதை ரேடியோ அடைத்துவிடுகிறது. காலடியும் கதவுச் சத்தமும் காற்று வரும் திசையும் எங்கே கேட்கும்? ரேடியோவை நாடகம், செய்தி நேரத்துக்கு மட்டும் போடுங்கள். காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்றும் ஒரு தடவை காட்டிப் பாருங்கள், பலர் மறக்கும் விசயம் இது.

வெற்றிலையைக் கையில் கொடுங்கள். முகப்புறம் வழவழப்பு, பின்புறம் நரம்பு புடைத்திருக்கும். முகம் பார்த்து அடுக்க, பழுது கழிக்க, எண்ணி வைக்க அவர் விரலுக்குத் தெரியும். முதல் கிழமை பிழைக்கும், பிழைக்கட்டும், பின்னால் நின்று திருத்தாதீர்கள். வீட்டுச் சாமான்களை இடம் மாற்ற வேண்டாம். கிட்டப் போகுமுன் "நான்தான் அப்பா" என்று குரல் கொடுங்கள். நடக்கும்போது நீங்கள் அவரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகாமல், அவர் உங்கள் முழங்கைக்கு மேலே பிடித்து அரையடி பின்னால் வரட்டும். படியில் நீங்கள் ஏறுவது அவர் கைக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த கண் கிளினிக்குக்குக் கொப்பியோடு எல்லா மருந்தையும் கொண்டுபோய், காட்சி தெரிவதை நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். அவர்களாகக் கேட்கமாட்டார்கள். பூசாரியார் கட்டிய நூல் கையில் கிடக்கட்டும், அதனால் ஒரு கெடுதியும் இல்லை. கண்ணுக்கு விடும் மருந்தை மட்டும் யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மிஞ்சியிருக்கும் அந்த வெளிச்சத்தைக் காப்பது அதுதான்.