மாம்பழம் எத்தனை அதிகம்?

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். நூறு வரை தடுமாறாமல் எண்ணுவான். சின்னச் சின்னக் கூட்டல், கழித்தலும் வரும். கணக்குத் தேர்வில் ஒரு பட விளக்கப்படம் கொடுத்து, ‘வாழைப்பழத்தைவிட மாம்பழம் எத்தனை அதிகம்?’ என்று கேட்டிருந்தார்கள். படத்தில் மாம்பழம் 7, வாழைப்பழம் 4. இவன் 7 என்று எழுதிவிட்டான். வீட்டில் நானே ஒரு படம் வரையச் சொன்னேன். நான்கு பலாப்பழத்தைப் பெரிதாகவும் ஆறு நெல்லிக்காயைச் சிறிதாகவும் வரைந்துவிட்டு, பலாப்பழம்தான் அதிகம் என்று சாதிக்கிறான். அபாகஸ் வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அன்புச் சகோதரி, அபாகஸுக்குக் கட்டவிருக்கும் பணத்தை இப்போதைக்குப் பத்திரமாக வைத்திருங்கள். அங்கே வேகமாகக் கணக்குப் போடப் பழக்குவார்கள். உங்கள் மகனுக்கு எண்ணவும் கழிக்கவும் ஏற்கெனவே தெரிகிறது. அவன் இடறியது கேள்வியில்.

அந்தக் கேள்வியை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். ஒப்பிடும் வேலை முழுவதையும் ‘விட’ என்ற இரண்டு எழுத்துதான் சுமக்கிறது. அதுவும் வாழைப்பழத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு, காதில் விழாமலே போய்விடுகிறது. அடுத்து வருவது ‘மாம்பழம் எத்தனை’. ஏழு வயதுப் பிள்ளைக்கு அதுதான் கேட்கும். மாம்பழம் எத்தனை? ஏழு. தன் காதில் விழுந்த கேள்விக்கு அவன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான். வகுப்பறையில் இருந்த காலத்தில் இதே ‘7’ என்ற விடையை எத்தனை விடைத்தாள்களில் சிவப்பு மையால் சுழித்திருப்பேன் என்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இது தமிழுக்கு மட்டும் வந்த வம்பு இல்லை. டாம் ஹட்சன் என்ற ஆய்வாளர் 1983இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம் பறவைகளும் புழுக்களும் இருக்கும் படத்தைக் காட்டி, புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம் என்று கேட்டார். முதல் வகுப்புப் பிள்ளைகளிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தவறினார்கள். ‘ஆளுக்கொரு புழுவைப் பிடிக்கப் பறவைகள் பறக்கின்றன, எத்தனை பறவைகளுக்குப் புழு கிடைக்காது?’ என்று மாற்றிக் கேட்டபோது அத்தனை பேரும் சரியாகச் சொன்னார்கள்.

நம் வீட்டில் புழுவுக்குப் பதில் கரண்டி. அடுப்படித் தரையில் ஏழு தம்ளரை வரிசையாக வையுங்கள். நான்கு கரண்டியை அவன் கையில் கொடுத்து, தம்ளருக்கு ஒன்றாகப் போடச் சொல்லுங்கள். “எத்தனை தம்ளருக்குக் கரண்டி இல்லை?” மூன்று என்பான். அந்த நொடியில் நீங்கள் சொல்ல வேண்டியது: “ஆமாம், கரண்டியைவிடத் தம்ளர் மூன்று அதிகம்.” கேட்காதீர்கள், சொல்லுங்கள். ‘விட’ என்பதைச் சற்று அழுத்தியே சொல்லலாம். நான்கைந்து நாள் இப்படிக் கேட்டுக் கேட்டுக் காது பழகிய பிறகு, அதே சொற்களை நீங்கள் கேள்வியாக்கலாம். வடையும் விருந்தாளியும், சட்டையும் கிளிப்பும், வாசலில் கிடக்கும் செருப்பும் ஆட்களும் என்று எது கிடைத்தாலும் சரி. ஜோடி சேராமல் நிற்பவைதான் ‘எத்தனை அதிகம்’ என்பது புரிந்துவிட்டால், ஏழில் நான்கு போக மூன்று என்று கழித்துக்கொள்வதை அவனே கண்டுபிடிப்பான்.

இனி பலாப்பழம். அவன் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை, அடைத்துக்கொண்ட இடத்தைப் பார்த்திருக்கிறான். இரண்டு வரிசையில் சமமாகப் பொத்தான்களை வைத்து, ஒரு வரிசையை மட்டும் அகட்டி வைத்தால், அதில்தான் அதிகம் என்று சின்னப் பிள்ளைகள் சொல்வதைக் குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் ழான் பியாஜே பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டியிருக்கிறார். ஆறேழு வயதில் இந்த மயக்கம் மெல்ல விலகும். சிலருக்கு இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும். பெரியவர்களுக்கு விலகிவிட்டதா என்ன? இரண்டு மடங்கு வருமானம் என்று காட்டப் பணமூட்டையை இரண்டு மடங்கு உயரமாக வரைவார்கள். அகலமும் கூடவே இரட்டிப்பதால் கண்ணுக்கு அது நான்கு மடங்காகத் தெரியும். நாமும் வாயைப் பிளப்போம்.

ஓட்டோ நாய்ராத் என்ற ஆஸ்திரிய அறிஞர் 1925இல் வியன்னாவில், சாதாரண மக்களுக்குப் புள்ளிவிவரங்களைப் படமாகக் காட்டவே ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார். அவர் விதித்த விதி: அளவு கூடினால் படம் பெரிதாகக் கூடாது, அதே அளவுப் படம் எண்ணிக்கையில் கூட வேண்டும். உங்கள் மகனுக்கு வேண்டியதும் அந்த ஒரு விதிதான்.

அதற்கு ஸ்டிக்கர் பொட்டு போதும். ஓர் அட்டையில் எல்லாம் ஒரே அளவு. நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் கீழே ஒரு கோடு போடுங்கள். எல்லா வரிசையும் அங்கிருந்துதான் மேலே ஏற வேண்டும். கட்டம் போட்ட நோட்டாக இருந்தால் இன்னும் நல்லது, கட்டத்துக்கு ஒரு பொட்டு என்றால் இடைவெளி ஏமாற்றாது. அவனுக்கு அக்கறை இருக்கும் விஷயமாகப் பாருங்கள். தெருவில் போகும் பஸ்ஸா, லாரியா? இந்த வாரம் இட்லி எத்தனை நாள், தோசை எத்தனை நாள்? ஒரு படம் ஐந்து பேரைக் குறிக்கும் என்பதெல்லாம் மேல் வகுப்புகளில் வரும், இப்போது இழுத்துப் போட வேண்டாம். பலாப்பழப் படத்தையும் கிழித்துவிடாதீர்கள். ஒவ்வொரு பழத்தின்மேலும் ஒரு பொட்டு, ஒவ்வொரு நெல்லிக்காயின்மேலும் ஒரு பொட்டு வைக்கச் சொல்லி, பொட்டுகளை உரித்து அடுத்தடுத்து வரிசையாக ஒட்டச் சொல்லுங்கள். அப்புறம் நீங்கள் ஒன்றும் பேச வேண்டியிருக்காது.

படம் முடிந்ததும் கேள்வி கேட்கும் முறை அவனுடையது. போன கோடை விடுமுறையில் என் பேத்தி எங்கள் வீட்டுக் காபிக்குப் பொட்டு ஒட்டினாள். நான்காம் நாள் தாளை என் முகத்துக்கு நேரே நீட்டி, “தாத்தாவைவிட நீ எத்தனை காபி அதிகம் குடித்திருக்கிறாய், சொல்லு பாட்டி” என்றாள். ஐந்து. அன்று மாலைக் காபியை அவள் விளையாடப் போன பிறகு குடித்தேன்.