முடிக்காத கேமுக்கு ஓட்டு இல்லை: காணும் பொங்கல் கேள்வி பதில்

ஒவ்வொரு வருஷமும் காணும் பொங்கலன்று நாங்கள் கூடி, போன வருஷத்தின் சிறந்த வீடியோ கேம் எது என்று ஓட்டுப் போடுகிறோம். கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். அந்த வருஷம் வந்த கேம்களின் பட்டியலிலிருந்து ஆளுக்கு மூன்று கேம். முதலாவதற்கு 3 புள்ளி, அடுத்ததற்கு 2, கடைசிக்கு 1. மன்னார்குடியில் பதின்மூன்று வருஷமாக கேமிங் சென்டர் நடத்துகிறேன் என்பதால் ஓட்டுக்கு முன் வருகிற கேள்விகள் என்னிடம் வந்து சேரும். 2025-க்கான ஓட்டுக்கு வந்தவை இவை.

கும்பகோணம்: அண்ணே, டிசம்பர்லயே அமெரிக்காவுல அவார்டு குடுத்து முடிச்சிட்டாங்க. கிளேர் ஆப்ஸ்கூர் ஜெயிச்சாச்சு. நாம எதுக்குத் திரும்ப ஓட்டுப் போடணும்?

நல்ல கேள்வி தம்பி. அந்த விருது எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று முதலில் பார்ப்போம். நீங்கள் சொல்வது தி கேம் அவார்ட்ஸ், 2014-இல் தொடங்கியது. பல நாட்டுப் பத்திரிகைகளும் இணையதளங்களும் சேர்ந்த நடுவர் குழுவின் ஓட்டுக்கு 90 சதவீதம், பொதுமக்கள் ஓட்டுக்கு 10 சதவீதம். டிசம்பர் 12 காலை ஆறரை மணிக்கு எழுந்து நாம் பார்த்தது பெரும்பாலும் விமர்சகர்களின் முடிவு. கம்ப்யூட்டர் கேம்களை விற்கிற இணையக் கடையான ஸ்டீம், ரசிகர்கள் மட்டும் ஓட்டுப் போடும்படி நடத்துகிற விருதில் அதே 2025-க்கு ஹாலோ நைட் சில்க்சாங் ஜெயித்தது. 2022-இன் கேம்களில் தி கேம் அவார்ட்ஸ் எல்டன் ரிங்கைத் தேர்ந்தெடுத்தது. பிரிட்டனின் பாஃப்டா அமைப்போ தன் விருதை வாம்பயர் சர்வைவர்ஸ் என்ற சின்ன கேமுக்குக் கொடுத்தது. இரண்டு இடத்திலும் கேம் தெரிந்தவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொன்று, காலக்கெடு. நவம்பரில் கதவை அடைத்துவிடுகிறார்கள். 2018 டிசம்பர் 7 அன்று வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட் 2019-இன் பட்டியலில்தான் இடம்பிடித்தது. டிசம்பரில் வருகிற கேம் அந்த வருஷத்தின் பேச்சிலிருந்தே விழுந்துவிடுகிறது. நாம் ஜனவரியில் ஓட்டு வைப்பதே அதற்காகத்தான். முடிக்க நேரம் வேண்டும். முடிக்காத கேமுக்கு ஓட்டுப் போடாதீர்கள். இதை இன்றைக்கு இன்னும் பல தடவை சொல்வேன்.

பட்டுக்கோட்டை: என் லேப்டாப்ல தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. 8 ஜிபி ராம். பட்டியல்ல இருக்கிற எதையும் விளையாட முடியாதா சார்?

முடியும். சில்க்சாங் 8 ஜிபி இடம்தான் கேட்கும். கையால் வரைந்த இருபரிமாணப் படங்கள், கொஞ்சம் தரத்தைக் குறைத்தால் உங்கள் லேப்டாப்பில் ஓட வாய்ப்பு அதிகம். வாங்கிப் பார்த்து ஓடவில்லை என்றால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் இருந்தால், ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தை மெனுவைத் திறந்து வைத்து வீணாக்காதீர்கள். நேரே ஆட்டத்துக்குள் போய் ஓடுகிறதா பாருங்கள்.

திருவாரூர்: பிஜிஎம்ஐ ஏன் பட்டியல்ல இல்ல?

மொபைலில் ஆடுகிற அந்தத் துப்பாக்கிச் சண்டை கேம் 2021-இல் வந்தது. நாம் தேர்ந்தெடுப்பது 2025-இல் வந்த கேமை.

தஞ்சாவூர், கல்லூரி மாணவி: மூணு கேம் முடிச்சிருக்கேன் அண்ணா. மூணுமே பிடிச்சிருக்கு. எதை முதல்ல வைக்கறதுன்னு எப்படி முடிவு பண்றது?

முடித்துவிட்டு வந்து கேட்டிருக்கிறீர்கள், அதற்கே நன்றி அம்மா.

கிராஃபிக்ஸ் 10-க்கு 9, கதை 10-க்கு 8 என்று கூட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கும் இருந்தது. அதை விட்டு வெகுநாளாயிற்று. இப்போது நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இந்த கேம் மட்டும் அந்த வருஷம் வராமல் போயிருந்தால், எனக்கு என்ன கிடைக்காமல் போயிருக்கும்? பதிலுக்கு வேறு கேமின் பெயரைச் சொல்ல முடிந்தால் அது நல்ல கேம். சொல்லவே முடியவில்லை என்றால் அதை முதலில் வைக்கலாம்.

கிங்டம் கம் டெலிவரன்ஸ் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். செக் நாட்டுக்காரர்கள் செய்தது, பிப்ரவரியில் வந்தது. 1403-ஆம் ஆண்டு பொஹீமியாவில் நடக்கிற கதை, நாயகன் கொல்லர் வீட்டுப் பிள்ளை. வாள் வேண்டும் என்றால் பட்டறையில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, புரட்டிப் புரட்டி அடித்து, தண்ணீரில் தோய்த்து எடுக்கலாம். துருத்தியை நாமே இயக்க வேண்டும். எங்கள் சென்டருக்கு வருகிற ஒரு பையனின் அப்பா நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்ப்பவர். மகனைக் கூப்பிட வந்தவர் அந்தக் காட்சியைப் பார்த்து நின்றுவிட்டார். "சூடு ஆறுது, இன்னும் காய்ச்சணும்" என்று பின்னாலிருந்து சொன்னார். சரியாகத்தான் சொன்னார். அழுக்குத் துணியோடு போய்ப் பேசினால் ஊர்க்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். குளித்துவிட்டுப் போனால் மரியாதை கிடைக்கிறது. இதை எடுத்துவிட்டால் 2025-இல் வேறு எந்த கேம் இதைத் தரும்? என்னால் ஒன்றையும் சொல்ல முடியவில்லை.

கிளேர் ஆப்ஸ்கூரிலும் அப்படி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் ஒரு எண் எழுதப்படும், அந்த வயதுக்காரர்கள் எல்லோரும் கரைந்து போவார்கள். அடுத்த எண் எழுதப்படுவதற்குள் அதைத் தடுக்க ஒரு கூட்டம் கிளம்புகிறது. முறை வைத்து அடித்துக்கொள்கிற பழைய பாணிதான், ஆனால் எதிரி அடிக்கும்போது சரியான கணத்தில் பொத்தானை அழுத்தித் தடுக்க வேண்டும். முறை வைத்து ஆடுவது தூக்கம் வரவழைக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்த பையன்களை அது நிமிர்ந்து உட்கார வைத்தது.

உங்கள் மூன்றையும் இப்படி ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.

மயிலாடுதுறை: கிளேர் ஆப்ஸ்கூர்ல ஏஐ படம் இருந்துச்சுன்னு ஒரு அவார்டைத் திருப்பி வாங்கிட்டாங்களே? அதுக்கு ஓட்டுப் போடலாமா?

இண்டி கேம் அவார்ட்ஸ் என்ற தனி விருது அது. ஏஐ பயன்படுத்தக் கூடாது என்பது அவர்கள் விதி. மீறல் தெரிந்ததும் திரும்ப எடுத்து, அந்த வருஷத்தின் சிறந்த கேம் என்ற பட்டத்தை ப்ளூ பிரின்ஸுக்குக் கொடுத்தார்கள். விதியை எழுதியவர்கள் அதைக் காப்பாற்றியது சரி. நம் ஓட்டுக்கு அப்படி ஒரு விதி இதுவரை இல்லை, அதனால் இந்த வருஷம் போடலாம். அடுத்த வருஷத்துக்கு வேண்டும் என்று நினைக்கிறேன். ஓவியம் வரைந்து பிழைக்கிற பிள்ளைகள் நம் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். காணும் பொங்கலன்று பேசி முடிவெடுப்போம்.

பாபநாசம்: ஐ3 பிராசசர், 4 ஜிபி ராம். கிங்டம் கம் ஓடுமா?

ஓடாது.

நாச்சியார்கோவில்: 2023-ல நம்ம ஓட்டுல பால்டர்ஸ் கேட் 3 ஜெயிச்சுது. தமிழ்க் குடும்பத்தை வச்சு வந்த வெண்பாவுக்கு ரெண்டே பேர் போட்டாங்க. அது நியாயமா? இன்னும் மனசு ஆறல அண்ணே.

ஆறாது. நானும் அந்த இரண்டு பேரில் ஒருவன், மூன்றாவதாகத்தான் வைத்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், அம்மா பெயர்தான் வெண்பா. கிழிந்து கறைபட்ட சமையல் புத்தகத்தை வைத்துக்கொண்டு, விட்டுப்போன வரிகளை நாமே ஊகித்துச் சமைக்க வேண்டும். முதலில் வருவது இட்லி. 2024-இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதை வாங்கியது.

கும்பகோணம்: குறுக்க வர்றேன் அண்ணே. ஒன்றரை மணி நேர கேம் அது. பால்டர்ஸ் கேட் 100 மணி நேரம். நம்ம பாஷைங்கறதுக்காக ஓட்டுப் போட முடியுமா?

பாஷைக்காகப் போடக் கூடாது. நீளத்துக்காகவும் போடக் கூடாது. முப்போகம் விளைகிற ஊரில் இருக்கிறோம். குறுவை குறைந்த நாளில் அறுப்புக்கு வருகிறது என்பதற்காகச் சம்பாவுக்குக் கீழே வைப்போமா?

தஞ்சாவூர், கல்லூரி மாணவி: நான் எங்க அம்மா கையில குடுத்தேன் அண்ணா. கேமே ஆடினதில்ல அவங்க. இட்லித் தட்டை ஆவி மேல போற மாதிரி முதல் தடவையிலயே சரியா அடுக்கிட்டாங்க. நான் ரெண்டு தடவை தப்பு பண்ணினேன்!

கும்பகோணம்: அதைத்தான் சொல்றேன். சமைக்கத் தெரிஞ்சா முடிஞ்சிடும். அது எப்படிப் புதிராகும்?

தம்பி, பால்டர்ஸ் கேட் 3 டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் விதிகளில் ஓடுகிறது. மேஜையில் உட்கார்ந்து பகடை உருட்டி அதை ஆடியவனுக்கு முதல் பத்து மணி நேரம் சுலபம். அவன் அறிவை கேம் மதிக்கிறது என்று பாராட்டினோம். தஞ்சாவூர் அம்மா நாற்பது வருஷமாக இட்லி ஊற்றிச் சேர்த்த அறிவை ஒரு கேம் மதித்தால் அது மட்டும் குறையா? கேமே ஆடாத ஒருவர் தன் மகளை விட வேகமாகப் புதிரை அவிழ்த்தார். அந்த வருஷம் வேறு எந்த கேம் அதைச் செய்தது?

கும்பகோணம்: அப்போ பால்டர்ஸ் கேட்டுக்கு நாம குடுத்தது தப்பா? அதுக்குத்தானே உலகம் பூராக் குடுத்தாங்க.

தப்பில்லை. தி கேம் அவார்ட்ஸ், கோல்டன் ஜாய்ஸ்டிக், டைஸ், ஜிடிசி, பாஃப்டா என்று ஐந்து பெரிய விருது மேடையிலும் ஜெயித்த முதல் கேம் அது. இன்றைக்கு ஓட்டு வைத்தாலும் என் முதல் ஓட்டு அதற்குத்தான். பூட்டிய கதவுக்கு நான் யோசித்த வழியெல்லாம் அதில் வேலை செய்தது. ஆனால் வெண்பாவை மூன்றாவதாக வைத்தது என் தவறு. சின்னதாக இருக்கிறதே என்று தயங்கினேன். இரண்டாவதாக வைத்திருக்க வேண்டும்.

நாச்சியார்கோவில்: இது போதும் அண்ணே.

கும்பகோணம்: எனக்குப் போதாது. நான் வெண்பா ஆடினதில்ல, யூடியூப்லதான் பார்த்தேன். ஆடிட்டு வர்றேன்.

ஆடாமலா இவ்வளவு நேரம் வாதாடினீர்கள்? முடிக்காத கேமுக்கு ஓட்டும் இல்லை, தீர்ப்பும் இல்லை. பொங்கலுக்குள் முடித்துவிட்டு வாருங்கள், நேரில் பேசுவோம்.

நாகப்பட்டினம்: சார், சில்க்சாங் முழுசா யூடியூப்ல பார்த்துட்டேன். கடைசி பாஸ் வரைக்கும் தெரியும். ஓட்டுப் போடலாமா?

கூடாது. இப்போதுதான் சொன்னேன். பாஸ் என்கிற அந்தப் பெரிய எதிரியிடம் முப்பது தடவை விழுந்து, அவள் கையை எப்போது ஓங்குகிறாள் என்று உங்கள் விரல் கற்றுக்கொள்வதுதான் அந்த கேம்.

திருத்துறைப்பூண்டி: ஆன்லைன் ரம்மியைச் சேர்க்கலாமா?

பணம் வைத்து ஆடுவது இங்கே வேண்டாம். 2025-இல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. அந்தச் சூதாட்டத்தால் நொடிந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பேராவூரணி: கிராக் பண்ணின காப்பி எங்க கிடைக்கும்?

திருட்டுக் காப்பியை என்னிடம் கேட்காதீர்கள். காசு இல்லை என்றால் சென்டருக்கு வந்து ஆடுங்கள்.

மன்னார்குடி: பிஜிஎம்ஐ?

மேலே திருவாரூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வேதாரண்யம்: அடைமழையில கரண்ட் போய் போய் வந்து, ஆட்டத்தை விட்ட இடத்தைப் பதிஞ்சு வைக்கிற என் சேவ் ஃபைல் கெட்டுப்போச்சு அண்ணே. கிளேர் ஆப்ஸ்கூர்ல பாதிக்கு மேல போயிருந்தேன். எனக்கு ஓட்டு உண்டா?

இதற்குப் பதில் சொல்வது கஷ்டமாக இருக்கிறது. இல்லை தம்பி. எனக்கும் இது நடந்தது.

2018 அக்டோபர் 26 அன்று ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 வந்தது. தினமும் சென்டரை மூடியபின் பிஎஸ்4-இல் இரண்டு மணி நேரம் ஆடுவேன். நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியது. எங்கள் தெருவில் விழாத தென்னை எதுவும் இல்லை, கம்பங்கள் சரிந்து கிடந்தன. பல நாள் இருட்டு. கேமைப் பற்றி யார் நினைத்தார்கள்? கூரை போனவர்களுக்குத் தார்ப்பாய் தேடிக்கொண்டிருந்தோம். டிசம்பரில் காட் ஆஃப் வார் விருது வாங்கியது என்பதே எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். ஜனவரியில் ஓட்டு வந்தபோது ரெட் டெட் 2 முக்கால்வாசியில் நின்றது. அதுதான் ஜெயிக்க வேண்டும் என்று மனசுக்குப் பட்டது. போடவில்லை. மார்ச்சில்தான் முடித்தேன். அந்தக் கடைசிக் கால்வாசியைப் பார்த்தபின் தெரிந்தது, ஜனவரியில் போட்டிருந்தால் பாதி கதைக்குப் போட்டிருப்பேன் என்று.

உங்களுக்கு இப்போது வேண்டியது, கரண்ட் போனதும் பேட்டரியில் கொஞ்ச நேரம் தாங்குகிற யுபிஎஸ். சாதா லேப்டாப்புக்குத் தேவையில்லை, பேட்டரியே தாங்கும். டெஸ்க்டாப்புக்கும் கன்சோலுக்கும் அவசியம். கேமிங் பிசி என்றால் 1 கேவிஏ பாருங்கள். சேவ் செய்து அணைக்க ஐந்து நிமிஷம் கிடைத்தால் போதும். வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால் பின்பக்கம் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சாதா மோடில் மாறுவதற்குள் கம்ப்யூட்டர் அணைந்துவிடலாம். கம்ப்யூட்டரில் ஆடினால் சேவ் ஃபைலை வாரம் ஒருமுறை பென் டிரைவில் நகல் எடுத்து வையுங்கள்.

ஓட்டு இல்லாவிட்டாலும் காணும் பொங்கலுக்கு வாருங்கள். பாதி வரை நீங்கள் பார்த்ததைப் பேசலாம்.

ஒரத்தநாடு: ஐ5, 8 ஜிபி ராம், கிராஃபிக்ஸ் கார்டு இல்ல. எது ஓடும்?

பட்டுக்கோட்டைக்குச் சொன்ன பதில்தான்.

தஞ்சாவூர், கல்லூரி மாணவி: கடைசியா ஒண்ணு அண்ணா. உங்க மூணு ஓட்டு எதுக்கு?

முதலாவது கிங்டம் கம் டெலிவரன்ஸ் 2. இரண்டாவது கிளேர் ஆப்ஸ்கூர். சில்க்சாங்கில் கடைசி பாஸ் இன்னும் விழவில்லை. பொங்கலுக்குள் விழுந்தால் மூன்றாவது ஓட்டு அதற்கு. இல்லையென்றால் என் சீட்டில் மூன்றாவது வரி வெறுமையாகத்தான் இருக்கும்.