வழுவழு முகமும் கழுத்துக் கொப்புளமும்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 26. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தினமும் ஷேவ் செய்தாக வேண்டிய கட்டாயம். கன்னத்தில் ஒன்றும் இல்லை. தாடைக்குக் கீழே, கழுத்தில் மட்டும் பொரிப்பொரியாகச் சிவந்து கிளம்புகிறது. சிலவற்றில் சீழ் வைக்கிறது. காலர் உரசினாலே எரிகிறது. ஆஃப்டர் ஷேவ் லோஷனை அள்ளிப் பூசியும் பயனில்லை. நண்பன் கொடுத்த ஒரு ஆயின்மென்டில் மூன்றே நாளில் அடங்கியது, விட்டதும் முன்னைவிட மோசம். ஐந்து பிளேடு ரேசர்கூட வாங்கிப் பார்த்துவிட்டேன். என்ன செய்யட்டும்? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: ஐந்து பிளேடு வாங்கியதைப் போகிற போக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அந்த ரேசரில் முன்னால் போகும் பிளேடு முடியைக் கொஞ்சம் வெளியே இழுத்து வெட்டுகிறது. இழுபட்ட முடி உள்ளே போவதற்குள் பின்னால் வருவது இன்னும் அடியில் வெட்டுகிறது. மிச்ச முடி தோல்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். தடவிப் பார்த்தால் வழுவழுவென்று இருக்கும், மனசுக்கும் திருப்தி. ஆனால் கழுத்து முடி கன்னத்து முடிபோல ஒரே திசையில் வளர்வதில்லை. சாய்ந்தும் சுழித்தும் வளரும். சாய்வாக வெட்டுப்பட்டு ஊசிபோலக் கூரான முனை, வெளியே வரும் வழியிலேயே பக்கவாட்டில் தோலைக் குத்தும். இல்லையென்றால் வெளியே வந்து வளைந்து மறுபடி உள்ளே நுழையும். காலில் தைத்த முள்ளை உடம்பு எப்படி எதிர்க்குமோ, அப்படித்தான் தன் சொந்த முடியையும் எதிர்க்கிறது. சிவப்பும் வீக்கமும் அதனால்தான். சுருட்டை முடிக்காரர்களுக்கு இது அதிகம்.

நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சில கொப்புளங்களின் மேல் வில்போல வளைந்த ஒரு கறுப்பு முடி, இரண்டு முனையும் தோலுக்குள் புதைந்து கிடக்கும். என்னிடம் வருபவர்களுக்குக் கண்ணாடியில் இதைக் காட்டினால், "கிருமி இல்லையா டாக்டர்?" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் கேட்பார்கள்.

கிருமியும் பிறகு வரலாம். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா, ஏறக்குறைய பத்தில் மூன்று பேர் மூக்கில் சத்தமில்லாமல் குடியிருப்பது. பிளேடு கீறிய இடத்தில் அது நுழைந்தால் மயிர்க்கால் சீழ் பிடிக்கும். முடி நடுவில் நிற்க, சுற்றிலும் மஞ்சள் தலை, தொட்டால் வலி. உங்களுக்கு இரண்டும் கலந்திருப்பதுபோலத் தெரிகிறது.

அந்த ஆயின்மென்டின் பெயரை நீங்கள் எழுதவில்லை. மூன்றே நாளில் அடங்கியது, விட்டதும் பொங்கியது என்றால் எனக்கு ஸ்டீராய்டு மேல்தான் சந்தேகம். டியூபைத் திருப்பிப் பாருங்கள். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். தாடிப் பகுதியில் படர்தாமரை இருந்து அதன்மேல் இதைப் பூசினால், மேலே அடங்கினதுபோல் நடித்து அடியில் பரவும். வட்டமாகப் படர்ந்தாலோ, ஓரத்தில் செதில் உதிர்ந்தாலோ, முடி வலிக்காமல் கையோடு வந்தாலோ தோல் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.

இனி வைத்தியம். நான்கு வாரம் ரேசரைத் தொடாதீர்கள். பதற வேண்டாம், டிரிம்மரால் 1 மில்லிமீட்டர் விட்டு வெட்டிக்கொள்ளலாம். மேலதிகாரி முகம் சுளித்தால் மருத்துவரிடம் ஒரு சீட்டு வாங்கிக் கொடுங்கள். முதல் வாரம் இன்னும் மோசமானதுபோலத் தோன்றும். அங்கேதான் பலர் பொறுமை இழந்து மறுபடி பிளேடை எடுக்கிறார்கள். காலையும் மாலையும் வெதுவெதுப்பான ஈரத்துணியைப் பத்து நிமிடம் ஒற்றுங்கள். பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல்லை மெல்லிசாகப் பூசலாம்; காலரில் பட்டால் சாயம் வெளுத்துவிடும், வெள்ளைச் சட்டை நாட்களில் பூசுங்கள். வளைந்து கிடக்கும் முடியைச் சுத்தம் செய்த ஊசியால் நெம்பி விடுங்கள், பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முடி இன்னும் ஆழத்திலிருந்து குத்தும். சீழ் குறையாவிட்டால் ஆன்டிபயாடிக் களிம்பை மருத்துவர் எழுதிக் கொடுப்பார்.

பிறகு ஷேவ் செய்யும்போது குளித்து முடித்து, நுரை பூசி இரண்டு நிமிடம் ஊறவிட்டு, ஒற்றை பிளேடால் முடி வளரும் திசையிலேயே போங்கள். தோலை இழுத்துப் பிடிக்காதீர்கள், ஒரே இடத்தில் இரண்டாம் முறை ஓட்டாதீர்கள். கொஞ்சம் சொரசொரப்பு மிஞ்சட்டும். ஸ்பிரிட் கலந்த லோஷன் எரிவதைக் கிருமி சாவதாக நினைத்துக்கொள்கிறோம். அந்த எரிச்சல் உங்கள் தோலுடையது.

என் கதையும் ஒன்று. இறுதியாண்டு வாய்மொழித் தேர்வுக்கு முந்தின இரவு, விடுதி அறைத் தோழனின் ரேசரை இரவல் வாங்கி மழித்தேன். மறுநாள் மேலுதட்டின் மேல் ஒரு சீழ்க்கட்டி. மருத்துவம் படித்த புத்தியோடே அதை நசுக்கினேன். அடுத்த நாள் ஒரு கண் திறக்கவில்லை. மூக்கையும் மேலுதட்டையும் சுற்றியுள்ள ரத்தக்குழாய்கள் மூளைக்கு அருகில் போய்ச் சேர்கின்றன, அங்கே கட்டியை நசுக்கக் கூடாது என்று பாடம் நடத்திய பேராசிரியரே எனக்கு ஊசியும் போட்டு, திட்டவும் செய்தார். ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களும் இரவல் ரேசரில் ஒட்டி வரலாம் என்பது வேறு கதை. அந்தத் தழும்பை மறைக்கத்தான் இந்த மீசை.

காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு வேகமாகப் பரவினாலோ காத்திருக்காதீர்கள். கட்டி திரும்பத் திரும்ப வந்தால் ரத்தச் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அக்குளில் ரேசர் போட்ட மறுநாள் எல்லாம் இதே தொல்லை. பெண்களுக்கும் இது வருமா?

பதில்: வரும் அம்மா. மேலே சொன்னது அப்படியே பொருந்தும். மழித்த அன்று வாசனை ஸ்பிரே வேண்டாம், இறுக்கமான கை வைத்த உடுப்பும் வேண்டாம். ரேசரைக் குளியலறை ஈரத்திலேயே தொங்கவிடாமல் உலர்த்தி வையுங்கள். ஆனால் பெரிய கட்டிகள் அதே இடத்தில் மாதக்கணக்கில் வந்து உடைந்து தழும்பாகிறதென்றால் அது ரேசர் செய்த வேலை இல்லை, வேறு நோய். அதை நேரில் காட்டுங்கள்.